சுங்கச் சாவடிகளைச் சாடியவர்

ஜெர்மனியை ஒன்றாக்கியவர் யார் என்று கேட்டால், பிஸ்மார்க் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். வாள் எடுத்தவர்களை வரலாறு எளிதில் மறப்பதில்லை. ஆனால் பிஸ்மார்க்கின் படைகள் புறப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அந்த நாட்டை வணிகத்தால் ஒன்றாக்கலாம் என்று சொன்ன ஒருவர் இருந்தார். அதற்காகவே உழைத்து, வேலை இழந்து, சிறை புகுந்து, நாடு நீங்கி, முடிவில் மனம் உடைந்து மாண்டவர் அவர். பெயர் பிரீட்ரிக் லிஸ்ட். பெயரைக் கேட்டவுடன் நம் விடுதியின் மளிகைப் பட்டியல் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றம் அன்று. பொருளியல் வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்தபின் சிரிப்பு வரவில்லை.

லிஸ்ட் 1789-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தென் ஜெர்மனியில் உள்ள ராய்ட்லிங்கன் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளர். மகனுக்கு அந்தத் தொழிலில் மனம் செல்லவில்லை. வூர்ட்டம்பர்க் அரசின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அறிவாலும் உழைப்பாலும் படிப்படியாக உயர்ந்து, 1817-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆட்சித்துறைப் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அதே ஆண்டில் அரசு அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. பஞ்சத்தால் வாடிய மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் ஏன் பிறந்த மண்ணை விட்டுப் போகிறார்கள் என்று கேட்டு எழுதி வரும்படி அவரை ஹைல்புரோன் நகருக்கு அனுப்பினார்கள். வரிச்சுமையையும் அதிகாரிகளின் கொடுமையையும் பற்றி ஏழை மக்கள் சொன்னவற்றை அவர் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினார். ஏட்டில் படித்த ஆட்சியும் நாட்டில் நடந்த ஆட்சியும் வேறு வேறு என்பதை அங்கே கண்டார்.

அன்றைய ஜெர்மனி எப்படி இருந்தது என்று சிறிது எண்ணிப் பாருங்கள். நெப்போலியன் வீழ்ந்த பின் 39 அரசுகள் சேர்ந்து ஒரு கூட்டிணைப்பை அமைத்திருந்தன. மொழி ஒன்று; பெயர் ஒன்று; ஆனால் சுங்கம் மட்டும் ஆளுக்கு ஒன்று. ஓர் அரசின் எல்லையைக் கடந்தால் ஒரு சாவடி, அடுத்த அரசின் எல்லையில் இன்னொரு சாவடி. பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவன் பத்து அரசுகளின் வழியே போகவேண்டும். பத்துச் சட்டங்களைக் கற்கவேண்டும். பத்து இடங்களில் வண்டியை நிறுத்தி வரி கட்டவேண்டும். வழியிலேயே இலாபம் கரைந்துவிடும். இதற்கிடையே ஆங்கில நாட்டு ஆலைத்துணி துறைமுகங்களின் வழியே வந்து குவிந்தது. வெளியாருக்குக் கதவு திறந்திருக்க, உள்ளூரார் ஒருவருக்கொருவர் கதவை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

1819-ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் சந்தைக்கு லிஸ்ட் சென்றார். வணிகர்களையும் தொழில் நடத்துவோரையும் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். கூட்டிணைப்பின் பேரவைக்கு அவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம் எழுதினார். ஜெர்மனிக்குள் இருக்கும் 38 சுங்க எல்லைகளும் நாட்டு வணிகத்தை முடக்குகின்றன. அவற்றை எடுத்துவிட்டு வெளி எல்லையில் மட்டும் ஒரே சுங்கம் வையுங்கள் என்பது அதன் சாரம். உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டால் இரத்தம் எப்படி ஓடும் என்ற உவமையை அவர் எடுத்துக்காட்டினார். பேரவை அதை ஏற்கவில்லை. அரசு ஊழியர் ஒருவர் இப்படி ஊர் ஊராகச் சென்று சங்கம் நடத்துவதை அவருடைய அரசும் விரும்பவில்லை. பேராசிரியர் பதவி போயிற்று.

ராய்ட்லிங்கன் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அவர் வாய் மூடி இருக்கவில்லை. அதிகாரிகளின் ஆட்சியைக் கண்டித்து 1821-இல் அவர் எழுதிய விண்ணப்பத்துக்காக மன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பத்து மாதக் கோட்டைச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தப்பி ஓடினார். 1824-இல் நம்பிக்கையோடு ஊர் திரும்பியவரைப் பிடித்து ஹோஹன்ஆஸ்பெர்க் கோட்டையில் அடைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போய்விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகே விடுதலை கிடைத்தது. மக்கள் ஏன் நாட்டை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு காலத்தில் கேட்டு எழுதியவர், 1825-இல் மனைவி மக்களோடு தாமே கப்பல் ஏறினார்.

அமெரிக்காவில் வேளாண்மை செய்தார். ஜெர்மன் மொழி இதழ் ஒன்றின் ஆசிரியர் ஆனார். பென்சில்வேனியாவில் நிலக்கரி வெட்டும் தொழிலிலும் அதற்கான இருப்புப்பாதை அமைப்பதிலும் ஈடுபட்டார். ஓர் அரசிலிருந்து அடுத்த அரசுக்குச் சுங்கமின்றிப் பண்டங்கள் செல்வதை அங்கே அவர் கண்ணால் கண்டார். மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நடுவண் மன்றத்துக்கு அளித்திருந்த அரசியல் சட்டம் அது. தாம் விண்ணப்பத்தில் எழுதிய கனவு அங்கே நடைமுறையாக இருந்தது. 1830-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இருந்தும் மனம் ஜெர்மனியிலேயே இருந்தது. அமெரிக்க அரசின் வாணிகத் தூதர் என்ற தகுதியோடு திரும்பி வந்து, லைப்சிக் நகரில் தங்கினார்.

1834 சனவரி முதல் நாள் ஜெர்மன் சுங்க ஒன்றியம் பிறந்தது. நள்ளிரவில் சாவடித் தடைகள் உயர, காத்திருந்த சரக்கு வண்டிகள் வரி கட்டாமல் வரிசையாகக் கடந்து சென்றன என்று வரலாற்று நூல்கள் கூறும். 18 அரசுகள், ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் மக்கள். அந்த நாளில் லிஸ்டுக்கு எந்த மேடையிலும் இடம் இல்லை. தாம் பேசித் தொடங்கிய திருமணத்துக்கு அழைப்பில்லாமல் தெருவில் நின்றவர் நிலைதான் அவர் நிலை.

இங்கே நான் நடுவுநிலை தவறாமல் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த ஒன்றியத்தை அமைத்தது லிஸ்டின் விண்ணப்பம் மட்டும் அன்று. பிரஷ்ய அரசு 1818-லேயே தன் ஆட்சிக்குள் இருந்த உட்சுங்கங்களை எடுத்துவிட்டது. அதன் நிதியமைச்சர் மோட்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் பேரம் பேசி அண்டை அரசுகளை இணைத்தார்கள். சிறிய அரசர்கள் அஞ்சியது வணிகத்துக்காக அன்று. சுங்கம் போனால் கருவூலம் வறண்டுவிடுமே என்றுதான் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்கியது ஒரு விதி. வெளி எல்லையில் திரளும் வருவாயை மக்கள்தொகைக் கணக்குப்படி எல்லா அரசுகளுக்கும் பகிர்ந்து கொடுப்பது என்பதே அது. அறைகூவல் வேலியை அசைத்தது. பங்கீடுதான் அதைப் பிடுங்கியது. லிஸ்டின் குரல் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வணிகர் நெஞ்சில் வேரூன்றி இராது. பிரஷ்யாவின் கணக்கு இல்லாவிட்டால் அதற்கு விடை கிடைத்திராது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை என்று நான் கருதுகிறேன்.

சாவடி போனால் போதாது, வண்டி ஓடப் பாதையும் வேண்டும் என்பதை லிஸ்ட் அறிந்திருந்தார். சுங்க ஒன்றியத்தையும் இருப்புப்பாதையையும் ஒட்டிப் பிறந்த இரட்டையராகவே அவர் கண்டார். 1833-இல் ஜெர்மனி முழுமைக்குமான இருப்புப்பாதைகளை வரைபடத்தோடு திட்டமிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் முயற்சியால் எழுந்த லைப்சிக்–டிரெஸ்டன் பாதை 1839-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அங்கேயும் நிலையான பதவி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. 1841-இல் தேசியப் பொருளியலைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் கொலோன் நகரில் தொடங்கவிருந்த ஓர் ஏட்டின் ஆசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. உடல்நலம் குன்றியதால் மறுத்துவிட்டார். மறு ஆண்டில் அந்த நாற்காலியில் அமர்ந்த இளைஞர் கார்ல் மார்க்ஸ்.

ஒரே மகன் அல்ஜீரியாவில் இறந்துபோனான். பணமுடையும் தலைவலியும் தோல்வியும் வாட்டின. 1846 நவம்பர் 30 அன்று, தைரோல் மலையில் உள்ள கூஃப்ஸ்டைன் ஊருக்கு அருகே, பனியில் தனியே நடந்து சென்று தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். வயது ஐம்பத்தேழு. அவர் பிறந்த ஊர் அவருக்குச் சிலை எழுப்பியது, இறந்து பல ஆண்டுகள் கழித்து.

லிஸ்டின் கொள்கை முழுவதும் நமக்கு உடன்பாடு ஆகாது. உள்நாட்டில் தடையில்லா வணிகம், இளந்தொழில்கள் வளரும்வரை வெளிநாட்டுச் சரக்குக்குக் காப்பு வரி என்பது அவர் கொள்கை. ஆனால் வெப்ப நாடுகள் வேளாண்மையோடு நின்றுவிட வேண்டும் என்று அவர் எழுதினார். நம் நாட்டு நீதிபதி ரானடே 1892-இல் பூனா தக்காணக் கல்லூரியில் பொருளியல் பற்றி ஆற்றிய பேருரையில், லிஸ்டின் வழியில் எண்ணியபோதும், அந்தப் பாகுபாட்டை ஏற்க மறுத்தார். பதரை நீக்கி நெல்லை எடுத்துக்கொள்ளும் அந்தத் துணிவு மாணவர்களாகிய நமக்கும் வேண்டும்.

இந்திய அரசியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவு, நாட்டின் எல்லைக்குள் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கலாம் என்று 1950-லேயே விதித்தது. ஆயினும் மாநில எல்லைகளில் வரிச் சாவடிகள் நீண்ட காலம் நின்றன. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதுதான் அவை அகன்றன. அப்போதும் மாநிலங்கள் கேட்டது அன்று ஜெர்மானியச் சிற்றரசர்கள் கேட்ட கேள்வியையே. எங்கள் வருவாய்க்கு என்ன வழி என்று கேட்டார்கள். ஐந்தாண்டு இழப்பீடு தருவதாகச் சட்டம் செய்த பின்பே எல்லாரும் இணைந்தார்கள்.

நண்பர்களே, ஊரிலிருந்து அப்பளமும் ஊறுகாயும் நிறைந்த பெட்டியோடு நான்கைந்து மாநிலங்களைக் கடந்து நாம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறோம். எந்த எல்லையிலும் யாரும் நம்மை இறக்கி வரி கேட்பதில்லை. அது தானாக அமைந்த நன்மை அன்று. கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்த சட்டம். தடை நீங்கவேண்டும் என்று உரக்கச் சொல்பவரும் வேண்டும். தடை நீங்கும்போது யாருடைய பங்கும் குறையாமல் பார்த்துக்கொள்ளும் நீதியும் வேண்டும். முதலாமவரை அவர் வாழும்போதே மதிக்கக் கற்றுக்கொண்டால், இன்னொரு லிஸ்ட் பனியில் தனியே நடக்க நேராது.