துடுப்புக்கு ஓய்வு கொடுத்த ஓலே எவின்ரூட்

விமானம் என்றால் ரைட் சகோதரர்கள், பல்பு என்றால் எடிசன் என்று டக்கென்று சொல்லிவிடுவோம். ஆனால் படகுக்குப் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினைப் பரவலாக்கியவர் யார் என்று கேட்டால் முழிப்போம். அவர்தான் ஓலே எவின்ரூட். இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஓலே 1877 ஏப்ரல் 19 அன்று நார்வே நாட்டில் பிறந்தார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டார். விஸ்கான்சின் மாநிலத்தில் அவர்களுக்கு விவசாயம். ஓலேவுக்கோ மனசெல்லாம் இயந்திரத்தில்தான். 16 வயதில் மேடிசன் நகரத்துக்குப் போய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்ததும் பொறியியல் புத்தகங்களைத் தானாகவே படித்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு வெயில் நாளில் ஏரித் தீவு ஒன்றுக்கு நண்பர்களோடு போயிருந்தாராம். பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்க, ஓலே துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கி வந்தார். வந்து சேருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிப் போச்சு! படகுக்கு ஒரு எஞ்சின் இருந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனை அப்போதுதான் வந்ததாம். பெஸ்ஸையே 1906இல் கல்யாணமும் செய்துகொண்டார்.

அவருக்கு முன்னாலேயும் சிலர் இப்படிப்பட்ட எஞ்சின் செய்ததுண்டு. ஆனால் நம்பி வாங்கும்படி அமைந்தது ஓலேயின் எஞ்சின்தான். 1909இல் விற்பனைக்கு வந்த அதன் சக்தி 1.5 குதிரைசக்தி, எடை சுமார் 28 கிலோ. பெஸ் கணக்கு வழக்கைப் பார்த்தார், விளம்பரமும் அவரே எழுதினார். ஸ்காண்டிநேவிய மீனவர்கள்கூட நிறைய வாங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் பெஸ்ஸுக்கு உடம்பு மோசமாகியது. ஓலே கொஞ்சமும் தயங்கவில்லை. தன் பெயரில் இருந்த கம்பெனியையே கூட்டாளிக்கு விற்றுவிட்டார். ஐந்து வருஷம் இந்தத் தொழில் பக்கமே வருவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? இரும்புக்குப் பதில் பெருமளவு அலுமினியம் போட்டு, இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வடிவமைத்தார். 3 குதிரைசக்தி, எடையோ சுமார் 22 கிலோதான். சக்தி இரண்டு மடங்கு, எடை குறைவு! பழைய கூட்டாளியிடம் காட்டினார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். சொந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாதே! அதனால் 1921இல் எல்டோ என்ற பெயரில் புதுக் கம்பெனி தொடங்கினார். எவின்ரூட், இலகு, இரட்டை, அவுட்போர்டு என்று அர்த்தம் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள்தான் எல்டோ. 1929இல் பழைய கம்பெனியும் புதிய கம்பெனியும் ஒன்று சேர்ந்தன, அவர் பெயர் அவருக்கே திரும்பி வந்தது. 1933இல் பெஸ் இறந்தார். அடுத்த வருஷமே, 1934 ஜூலையில், ஓலேயும் போய்விட்டார். எவின்ரூட் பெயரில் எஞ்சின் தயாரிப்பது 2020 வரை நடந்தது.

எடையைக் குறைக்க ஏன் இத்தனை பாடு என்று நானும் யோசித்தேன். எஞ்சின் தொங்குவது படகின் கடைசியில். ஓட்டுகிறவரும் அங்கேதான் உட்காருவார். சின்னப் படகில் கனமான எஞ்சினை மாட்டினால் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒரு அலை வந்தாலே தண்ணீர் உள்ளே ஏறிவிடும். பெரிய எஞ்சின் போட்டால் பறக்கலாம் என்பதும் எப்போதும் சரியில்லை. சின்னப் படகு ஓரளவு வேகத்துக்கு மேல் போகாமல் தண்ணீரையே கிளறிக்கொண்டிருக்கும், பெட்ரோல்தான் வீண். எஞ்சின் தண்டின் நீளத்தையும் பார்க்கணும். அது குட்டையாக இருந்தால் புரொப்பல்லர் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றும்.

அதனால் லேசான படகுக்கு எஞ்சின் வாங்குகிறவர்கள் முதலில் படகு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கணும், குதிரைசக்தி எல்லாம் அப்புறம்தான். நம்ம கடற்கரை பைபர் படகுகளுக்கும் இதே கணக்குதான். ஓலே தன் வாழ்நாளில் பாதியை இந்தக் கணக்குக்காகவே செலவழித்தார். கம்பெனி கைவிட்டுப் போன பிறகும், படகுக்குப் பாரமில்லாத எஞ்சினைச் செய்துகொண்டே அவர் திரும்பி வந்தார் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.