சைதாப்பேட்டையில் கள்ளி வளர்த்த டாக்டர்

தாம்பரத்திலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகிறார்கள். 1726-ம் ஆண்டு உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர் மர்மலாங் பாலத்தைக் கட்டிய இடம் அது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் கள்ளித் தோட்டம் ஒன்று இருந்தது. வேலிக்காக வைத்த கள்ளியல்ல. கிழக்கிந்தியக் கும்பினியார் பணம் செலவழித்து, சீமைத் தோட்டத்திலிருந்து தருவித்து வளர்த்த கள்ளி! அதன் கர்த்தா டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன்.

1738-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே பிறந்தவர் ஆண்டர்ஸன். தகப்பனாரும் வைத்தியரே. கும்பினி உத்தியோகத்தில் சென்னைக்கு வந்தவர், படிப்படியாக உயர்ந்து ராஜதானியின் தலைமை மருத்துவரானார். ஆனால் அவருடைய மனம் மருந்துப் புட்டிகளில் தங்கவில்லை, செடிகளில்தான் லயித்தது. நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் போட்டு, எந்தத் தேசத்துச் செடி சென்னை மண்ணில் பிடிக்கும் என்று பார்ப்பதே அவருக்கு வேலை. ஆண்டர்ஸன் சாலை என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது.

அந்நாளில் உலகின் மிகச் சிறந்த சிவப்புச் சாயம் கொச்சினீல். கள்ளி மடலில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுப்பது. ஒரு ராத்தல் சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும். அதன் வர்த்தகம் மெக்ஸிகோவை ஆண்ட ஸ்பெயின் கையில் இருந்தது. ஆங்கில ராணுவ அதிகாரிகளின் சிவப்பு அங்கிக்கும் அதுவே சாயம். கும்பினிக்கு நாவில் நீர் ஊறியதில் வியப்பென்ன?

1786-ல் சென்னைக் கடற்கரைப் புல்லில் சில பூச்சிகளை ஆண்டர்ஸன் கண்டார். நசுக்கினால் சிவப்பு! இதுவே கொச்சினீல் என்று நம்பி, லண்டனில் இருந்த தாவர அறிஞர் ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். 1788-ல் அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார். அசல் பூச்சி அதுவல்ல என்று தெரிய வந்தது. வேறொருவராயின் வெட்கி ஒதுங்கியிருப்பார். ஆண்டர்ஸனோ, பூச்சி வருவதற்கு முன் அதற்குத் தீனி தயாராக இருக்கட்டும் என்று கள்ளி நடத் தொடங்கினார்! பாங்க்ஸின் முயற்சியால் கியூ தோட்டத்திலிருந்து நோப்பால் கள்ளி வந்தது. சைதாப்பேட்டைத் தோட்டத்தின் மேற்பார்வை மருமகன் ஆண்ட்ரூ பெர்ரியிடம் விடப்பட்டது.

கள்ளி வளர்ப்பது கடினமல்ல. மடலை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் சில நாள் வைத்து, தண்ணீர் தேங்காத மணற்பாங்கான நிலத்தில் ஊன்றினால் போதும். தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும். பூச்சி கிடைப்பதுதான் கஷ்டம். அசல் பூச்சி கொண்டு வருபவருக்கு 2,000 பவுன் பரிசு என்று கும்பினி அறிவித்தது.

1795-ல் காப்டன் நீல்ஸன் என்பவர் பிரேஸிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளை உயிரோடு கொண்டு சேர்த்தார். பின்பு சென்னைக்கும் அவை வந்தன. கள்ளியில் ஏறின, பெருகின. சாயமும் கிடைத்தது. ஆனால் அவை காட்டு ரகம். மெக்ஸிகோச் சரக்கின் முன் அந்தச் சாயம் நிற்கவில்லை.

இடையில் வங்காளத்திலிருந்து பட்டுப்புழு தருவித்து, முசுக்கட்டைப் போத்துகளை ராஜதானி எங்கும் அனுப்பிப் பட்டுத் தொழிலுக்கும் பாடுபட்டார். அதையும் கும்பினி பாதியில் கைவிட்டது. நோப்பால் மடல், மாலுமிகளின் ஸ்கர்வி நோய்க்குப் பத்தியமாகும் என்று கடைசிவரை வாதாடினார். செடியை எப்படியாவது ஒன்றுக்குப் பயன்படுத்தியே தீருவேன் என்ற பிடிவாதம்தான் அது.

1809 ஆகஸ்டில் ஆண்டர்ஸன் காலமானார். ஸர் பிரான்ஸிஸ் சாண்ட்ரி செதுக்கிய அவருடைய சிலை சென்னை ஸெயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது.

சாயத்துக்கு உதவாத அந்தக் காட்டுப் பூச்சிக்கோ வேறு பெயர் கிடைத்தது. வட இந்தியாவில் காடாய் மண்டியிருந்த ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியை அது தின்றே அழித்தது. அதைக் கண்டு 1836-க்குப் பின் தென்னாட்டிலும், 1865 வாக்கில் இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதைக் கொண்டுபோய் விட்டார்கள்.