ஓரணாச் சிற்றுண்டி

அந்தமானிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்கள் துணி எடுக்கத் தவறாது செல்லும் சென்னைத் தியாகராய நகர், சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. 1852-இல் கொருக்குப்பேட்டையில் நெசவாளர் மரபில் பிறந்தவர். நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். 1920-இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி பதவி தேடி வந்தும் மறுத்துவிட்டார்.

அரசியல் கிடக்கட்டும். அவர் மாநகராட்சித் தலைவராயிருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளின் வருகை குறைந்திருந்தது. காரணம் வறுமை. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பரில் மாநகராட்சி தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளிலும் அடுப்பு எரிந்தது. 1922-23-இல் 811 பேர் படித்த இடத்தில், 1924-25-இல் 1,671 பேர்!

ஆனால் ஆரம்பக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாது என்றது ஆங்கில அரசு. 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. தியாகராயரும் அவ்வாண்டே மறைந்தார்.