கிளியா செல்களை வகை பிரித்தவர்: பியோ தெல் ரியோ ஒர்த்தேகா

கிளியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்புச் செல்களைச் சூழ்ந்துள்ள கிளியா செல்களை மருத்துவ உலகம் நெடுங்காலம் அப்படியே கருதிவந்தது. அவற்றுள் இருவகையைத் தெளிவாக நமக்குக் காட்டியவர், 1882-இல் ஸ்பெயினின் போர்ட்டில்லோ என்னும் சிற்றூரில் பிறந்த ஒர்த்தேகா.

நோபல் பரிசு பெற்ற கஹால், நரம்புச் செல்லும் விண்மீன் வடிவக் கிளியா செல்லும் அல்லாதவற்றை மூன்றாம் கூறு என ஒரே பெயரில் அடக்கியிருந்தார். வெள்ளி கார்பனேட்டால் திசுவுக்கு நிறமூட்டும் முறையை வகுத்த ஒர்த்தேகா, அதனுள் மைக்ரோகிளியா, ஒலிகோடென்ட்ரோசைட் என இரண்டு இருப்பதைக் கண்டார். இதை நீங்கள் படிக்கும் இவ்வேளையிலும் உங்கள் மூளையில் முன்னவை சிதைவுகளை அகற்றுகின்றன. பின்னவை நரம்பிழைகளுக்கு இட்ட மயலின் உறையால் மின் குறிகைகள் விரைந்து செல்கின்றன. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயில் பழுதுறுவது இவ்வுறையே.

கஹாலோ இப்பிரிவை எளிதில் ஏற்கவில்லை. மனக்கசப்பும் சேர, 1920-இல் ஒர்த்தேகா அவரது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆயினும் ஆய்வை நிறுத்தவில்லை. 1924-இல் மாட்ரிட் வந்து அவரிடம் பயின்ற வைல்டர் பென்ஃபீல்ட், ஒலிகோடென்ட்ரோசைட் உண்மை என உறுதிப்படுத்தினார். உள்நாட்டுப் போரால் நாட்டை நீங்கிய ஒர்த்தேகா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு நகரங்களில் பணியாற்றிப் பின் புவனோஸ் ஐரிஸ் சென்று, அங்கேயே 1945-இல் காலமானார்.