இறங்கத் தெரிந்தவர்

மலர்க்குழுத் தோழர்கள் இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, கதையும் வராது என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. சரி, ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்றேன். எந்த நடிகை என்று கேட்டார்கள்! நடிகை இல்லை ஐயா, ஒரு மெக்கானிக் என்றேன். சிரித்தார்கள். சிரித்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அந்த மெக்கானிக்கின் பெயர் ஏமி ஜான்சன். 1930-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவர் பறந்த கதையைத்தான் சொல்வார்கள். நான் சொல்லப் போவது அவர் இறங்கிய கதை. பறப்பதற்கு என்ஜின் போதும். நினைத்த இடத்தில் இல்லாமல், கிடைத்த இடத்தில் உயிரோடு இறங்குவதற்குத்தான் மனிதன் வேண்டும்.

அதற்கு முன், இந்தக் கதை என்னிடம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் முதலாண்டு சேர்ந்தபோது இயந்திரவியல் பிரிவில் பெண்கள் நாலே பேர். ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' ஜாயின்ட் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் அரத்தால் ராவி ராவி, கை காப்புக் காய்த்து, கடைசி நாளில் ஒரே ஒரு இழுப்பு அதிகமாகப் போய்விட்டது. இரண்டு துண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது! யாரும் பார்ப்பதற்குள் அதை மேசை இழுப்பறையில் ஒளித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அன்று இரவு அப்பாவிடம், எனக்கு இந்தப் பிரிவு வேண்டாம், கமர்ஷியல் பிராக்டீஸுக்கு மாறிக்கொள்கிறேன், டைப் அடித்துப் பிழைத்துக்கொள்வேன் என்று சொன்னேன். அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஒன்றும் பேசவில்லை. யோசித்துச் சொல் என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் ஷாப்புக்குப் போகப் பயந்து நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு பழைய விமானப் புத்தகத்தில் ஏமியின் படத்தைப் பார்த்தேன்.

ஏமி பிறந்தது 1903 ஜூலை 1-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக நகரத்தில். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கிய ஏமி, லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் காரியதரிசி வேலைக்குச் சேர்ந்தார். டைப் அடித்துப் பிழைத்தவர்தான்! நான் எந்த வேலைக்கு ஓடப் பார்த்தேனோ, அந்த வேலையிலிருந்து அவர் எதிர்த்திசையில் ஓடி வந்திருக்கிறார். லண்டன் விமானக் கழகத்தில் சேர்ந்து, ஸ்டாக் லேன் மைதானத்தில் விமானம் ஓட்டப் பழகினார். 1929 ஜூலையில் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது.

அதோடு நின்றிருந்தால் அவர் ஆயிரத்தில் ஒருவர். அவர் நிற்கவில்லை. ஹேங்கருக்குள் நுழைந்து, ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்ற பொறியாளரிடம் தொழில் கற்றுக்கொண்டார். அதே 1929 டிசம்பரில் தரைப் பொறியாளர் 'சி' உரிமம் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். தன் என்ஜினைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த விமானி என்று அர்த்தம்.

ஆஸ்திரேலியா போக விமானம் வேண்டுமே? அறுநூறு பவுன் விலையில் பழைய ஜிப்ஸி மாத் ஒன்று கிடைத்தது. பணத்தில் ஒரு பங்கை அப்பா கொடுத்தார். இன்னொரு பங்கைக் காஸ்ட்ரால் எண்ணெய்க் கம்பெனியின் லார்டு வேக்ஃபீல்டு கொடுத்தார். விமானத்துக்கு ஜேசன் என்று பெயர் வைத்தார் ஏமி. அது அப்பாவின் மீன் வியாபாரத்தின் டிரேடு மார்க் பெயர்!

ஜேசனைப் பற்றி நம் ஆட்களுக்கு இரண்டு வார்த்தை. மரச்சட்டம், துணி போர்த்திய இரட்டை இறக்கை. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் என்ஜின். சுமார் 100 குதிரைத்திறன். திறந்த காக்பிட். ரேடியோ கிடையாது. சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது! வாலில் ஒரு சறுக்குக்கட்டை. அது தரையில் உராய்ந்துதான் வண்டி நிற்க வேண்டும். இதில் சுமார் 18,000 கிலோமீட்டர். அதற்கு முன் அவர் தனியாகப் போன நெடுந்தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊர் ஹல் வரை, அவ்வளவுதான்!

1930 மே 5-ஆம் தேதி லண்டன் கிராய்டனில் கிளம்பினார். வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், அலெப்போ. பாக்தாதை நெருங்கும்போது மணல் புயல். கண்ணாடியில் மணல், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்றுதான் மனசு சொல்லும். அவர் இறங்கிவிட்டார். பாலைவனத்தில், எது தரை எது காற்று என்று தெரியாத இடத்தில். காற்று விமானத்தைப் புரட்டிவிடாமல் இருக்கப் பெட்டிகளை எடுத்துச் சக்கரங்களுக்கு அண்டைகொடுத்தார். என்ஜினுக்குள் மணல் போகாமல் துணியால் மூடினார். கையில் ரிவால்வரோடு புயல் அடங்கும் வரை காத்திருந்தார். அடங்கியதும் கிளப்பிக்கொண்டு பாக்தாத் போய்ச் சேர்ந்தார்.

அங்கே சக்கரச் சட்டத்தில் முறிவு. ரிப்பேர் செய்து கிளம்பினால், பந்தர் அப்பாஸில் மறுபடி அதே இடத்தில் பழுது. ஆனாலும் ஆறாம் நாள் கராச்சி! முந்தைய சாதனையாளர் ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முன்னால்.

கராச்சியிலிருந்து அலகாபாத் போக வேண்டும். எதிர்க்காற்றில் பெட்ரோல் குறைந்துவிட்டது. கீழே ஜான்சி. ராணுவத்தின் அணிவகுப்பு மைதானம் ஒன்று கண்ணில் பட்டது. இறக்கிவிட்டார்! சிப்பாய்கள் சிதறி ஓட, பிரேக் இல்லாத வண்டி கட்டடங்களுக்கு நடுவே போய் நின்றது. அங்கிருந்து அலகாபாத், கல்கத்தா.

அடுத்துதான் நம் மாணவர்கள் எழுந்து நின்று படிக்க வேண்டிய இடம்.

மே 13. கல்கத்தாவிலிருந்து ரங்கூன். கடும் மழை. ரங்கூன் பந்தய மைதானத்தில் இறங்க வேண்டியவர், மேகத்துக்கு அடியில் தெரிந்த ஒரு திடலை அதுதான் என்று நினைத்து இறங்கினார். அது இன்சேன் ஊரில் அரசுத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் விளையாட்டு மைதானம்! நம் பாலிடெக்னிக் மாதிரி ஒன்று. ஓடிய விமானம் ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. ப்ரொப்பெல்லர் உடைந்தது, சக்கரச் சட்டம் போச்சு, இறக்கை கிழிந்து உள்ளே இருந்த மரக்கட்டைகளும் முறிந்தன.

சாதனைக் கனவு அந்தப் பள்ளத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர் விழுந்த இடம் எது பாருங்கள்! தச்சுப் பட்டறையும் ஃபிட்டிங் ஷாப்பும் இருக்கிற இடம். ஆசிரியர்களும் மாணவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். முறிந்த கட்டையை மாதிரியாக வைத்துப் புதிய மரக்கட்டைகள் செய்தார்கள். இறக்கைத் துணிக்கு எங்கே போவது? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தன; அவற்றைக் கிழித்து ஒட்டுப்போட்டார்கள். துணியை இறுக்கும் பூச்சை உள்ளூரிலேயே கலந்தார்கள். ப்ரொப்பெல்லருக்குக் கவலையில்லை. உபரியாக ஒன்றை விமானத்தின் பக்கவாட்டில் கட்டியே கொண்டு வந்திருந்தார் ஏமி! மூன்றே நாளில், 16-ஆம் தேதி, ஜேசன் மறுபடி பறந்தது.

ஹிங்க்ளர் சாதனை கைவிட்டுப் போனது உண்மை. ஆனால் ஏமி போய்ச் சேர்ந்தார். ஜாவாவில் ஒரு சர்க்கரை ஆலையின் நிலத்தில் இறங்கியபோது, நட்டு வைத்திருந்த மூங்கில் முனைகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். தைமூர் தீவில் எறும்புப் புற்றுகள் நிறைந்த திடலில் இறங்கினார். கடைசியாகத் தைமூர் கடலைத் தாண்டி, மே 24-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வின்!

இதையெல்லாம் படித்தபோது, என்ஜின் நின்றால் விமானி என்ன செய்வார் என்று தேடிப் படித்தேன். என்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, சரியான வேகத்தைப் பிடித்தால் சறுக்கிக்கொண்டே போகும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்துக்கு அந்த வேகம் 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். 1,000 அடி உயரம் கையில் இருந்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் போகலாம். ஆகவே முதல் வேலை வேகம். இரண்டாவது, இறங்க ஒரு திடலைத் தேர்ந்தெடுப்பது. முடிந்தவரை எதிர்க்காற்றில் இறங்கும்படி. மூன்றாவது, நேரமிருந்தால் கோளாறைத் தேடுவது: பெட்ரோல் டாங்கை மாற்று, கார்புரேட்டரில் பனி உறைந்ததா பார், மேக்னெட்டோ சுவிட்சைப் பார். நான்காவது, ரேடியோவில் உதவி கேட்பது. இறங்குமுன் பெட்ரோலை அடைத்து, சுவிட்சுகளை அணைத்து, கதவைத் திறந்து வைப்பது. மோதிய பின் தீப்பிடிக்காமலும் கதவு சிக்காமலும் இருக்க.

இதில் விமானியைக் கொல்வது பெரும்பாலும் என்ஜின் அல்ல, ஆசை! கிளம்பிய உடனே என்ஜின் நின்றால், போதிய உயரம் இல்லாமல் ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்ப்பது ஓர் ஆசை. எட்டாத திடலை எட்ட மூக்கைத் தூக்குவது இன்னோர் ஆசை. தூக்கினால் வேகம் குறையும். இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அப்போதுதான் உண்மையாகவே கல் மாதிரி விழும். விமானம் போனால் போகட்டும், ஆள் பிழைக்க வேண்டும். முன்னால் இருக்கிற வயலை ஒத்துக்கொள்கிறவனே பிழைக்கிறான்.

ஏமி தப்பே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. டார்வினுக்குப் பிறகு, களைத்துப்போய் பிரிஸ்பேனில் இறங்கும்போது திடலைத் தாண்டிப் போய் ஜேசனைக் கவிழ்த்துவிட்டார். 1932-இல் ஜிம் மாலிசன் என்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு லண்டனிலிருந்து கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து கணவரின் சாதனையையே முறியடித்தார்! 1933-இல் இருவரும் சேர்ந்து வேல்ஸிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தபோது, நகரத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் பெட்ரோல் தீரும் நிலை. பிரிட்ஜ்போர்ட்டில் இரவில் இறங்க முயன்று, விமானம் நொறுங்கி இருவருக்கும் காயம். 1938-இல் மணவாழ்க்கையும் முறிந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும், 1940-இல் விமானங்களை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வானிலை மோசம். சில மணி நேரம் கழித்து, வழிதப்பி, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் பாராசூட்டில் குதித்தார். அது எப்படி நடந்தது என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஹேசல்மியர் கப்பலின் தலைவர் வால்டர் ஃப்ளெட்சர் உறைபனிக் கடலில் குதித்துக் காப்பாற்றப் பார்த்தார்; அவரும் உயிரை விட்டார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37. ஜேசன் மட்டும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அன்று நூலகத்திலிருந்து எழுந்து நேரே ஃபிட்டிங் ஷாப்புக்குப் போனேன். ஒளித்து வைத்த துண்டை எடுத்து ஆசிரியர் முன்னால் வைத்து, ஒரு இழுப்பு அதிகமாகப் போய்விட்டது என்று சொன்னேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, கடைசி இழுப்புகளுக்கு அரத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். வீட்டுக்கு வந்து, பிரிவு மாற வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்போதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை என் பையில் அவருடைய பட்டறை ஸ்பேனர் செட் இருந்தது.

நண்பர்களே! நாம் எல்லாரும் ஏமி ஆகப் போவதில்லை. ஆனால் இன்சேன் மாணவர்கள் ஆகலாம். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. மே 13-ஆம் தேதி காலையில், தங்கள் மைதானத்தில் வானத்திலிருந்து ஒருத்தி வந்து விழுவாள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் விழுந்தபோது அவர்கள் கை வேலைக்குத் தயாராக இருந்தது. நம் மைதானத்திலும் ஒருநாள் யாராவது, ஏதாவது உடைந்து வந்து நிற்கலாம். அதற்குள் அந்த 'வி' ஜாயின்ட்டை வெளிச்சம் தெரியாமல் ராவக் கற்றுக்கொள்வோமே!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி