தீயிலிருந்து தொடங்கிய பூங்கா

கலிபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவை 2020 ஆகஸ்டில் காட்டுத்தீ ஏறத்தாழ முழுவதுமாகச் சுட்டெரித்தது. அப்பூங்கா உருவானதற்கும் ஒரு காட்டுத்தீயே வழிவகுத்தது.

ஆண்ட்ரூ ஹில் (1853–1922) சான் ஹோசே நகரத்து ஓவியர், புகைப்படக் கலைஞரும்கூட. 1899இல் சான்டா குரூஸ் மலைகளில் பற்றிய தீயைத் திராட்சை மதுவை ஊற்றி அணைத்தார்கள். அந்த விந்தையை வெளியிட விரும்பிய லண்டன் இதழொன்றுக்காக ரெட்வுட் மரங்களைப் படமெடுக்கச் சென்றார் ஹில். தோப்பின் உரிமையாளர் தடுத்தார், படத்தகடுகளையும் கேட்டார். ஹில் தரவில்லை. பல நூற்றாண்டு கண்ட மரங்கள் பொதுச்சொத்தாக வேண்டும் என்ற உறுதியோடு திரும்பினார்.

1900 மே மாதம் நண்பர்களுடன் பிக் பேசினில் முகாமிட்டு, செம்பர்வைரன்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். அன்று திரண்ட நிதி 32 டாலர். காடோ மரம் வெட்டுவோர் கையில் இருந்தது. நின்ற மரத்தால் அவர்களுக்கு வருவாய் இல்லை, வெட்டினால் உண்டு. அதை நிற்கவிட வேண்டுமானால் பலகை விலையை யாரேனும் கொடுத்தாக வேண்டும். நன்கொடையால் ஆகக்கூடிய காரியமல்ல அது. பொருளியல் ஆசிரியர்கள் வகுப்பில் நீட்டி விளக்குவதை இந்த ஓவியர் சட்டென்று உணர்ந்து, சட்டமன்றத்தை நாடினார். 1901இல் ஆளுநர் கேஜ் கையொப்பமிட்ட சட்டம் நிலம் வாங்க 2,50,000 டாலர் ஒதுக்கியது. மறு ஆண்டே சுமார் 3,800 ஏக்கர் பூங்காவாயிற்று.

1904இல் அங்கும் தீ புகுந்தது, மரங்கள் பிழைத்தன. 2020க்குப் பின்னரும் கரிந்த அடிமரங்கள் துளிர்த்துவிட்டன. எரிந்த கட்டடங்களை முதுமரங்களை விட்டு விலக்கி எழுப்ப வேண்டும் என்பது இப்போதைய எண்ணம். அதற்கு மீண்டும் நிலம் தேவை. ஹில்லின் சங்கத்து வழிவந்த அமைப்பு அக்கம்பக்கத்து நிலங்களை இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறது.