கையெழுத்துத் தெரியாதவர் மகன்

நியூட்டன் விதி மூன்றும் நமக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் படித்தது, மெக்கானிக்ஸ் பேப்பர் வரை துரத்தி வருகிறது. அவர் வீட்டுக் கதை தெரியுமா நண்பர்களே?

இங்கிலாந்தில் வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூர். அப்பா விவசாயி, கையெழுத்துப் போடத் தெரியாதவர். 1642 டிசம்பர் 25-ல் (அந்நாட்டுப் பழைய காலண்டர்படி) மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். மூன்று வயதில் அம்மாவும் மறுமணமாகி வேறு ஊர் போக, பாட்டிதான் வளர்த்தார்.

திரும்பி வந்த அம்மா, 1659-ல் படிப்பை நிறுத்தி நிலத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார். இவரோ ஆட்டை விட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஆடு அடுத்தவன் பயிரில் மேய்ந்து, அபராதம் கட்டியதுதான் மிச்சம்! தாய்மாமனும் பள்ளி ஆசிரியரும் அம்மாவிடம் விடாமல் பேசினார்கள். ஆசிரியர் பள்ளிக் கட்டணமே வேண்டாம் என்றார். இந்த இடத்தில் எனக்கு எங்க வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. எங்கப்பாவிடமும் ஒரு வாத்தியார் வந்து பேசினார்.

1661-ல் கேம்பிரிட்ஜ். வசதி இருந்தும் அம்மா கொடுத்த பணம் கொஞ்சம்தான். பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படித்தார். 1665-ல் பிளேக் நோயால் கல்லூரி மூட, ஊருக்கே வந்து யோசித்தார்.

உருட்டிவிட்ட பந்து தானாக நிற்பதில்லை, உராய்வு விசைதான் நிறுத்துகிறது. எந்த விசையும் தடுக்காவிட்டால் ஒரே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம முன்னால் சாய்வதும் இதனால்தான். பழத்தைக் கீழே இழுக்கும் விசைதான் நிலாவையும் பூமியைச் சுற்ற வைக்கிறது. இதெல்லாம் 1687-ல் பிரின்சிபியா என்ற புத்தகமானது. அச்சுச் செலவுக்கு ராயல் சொசைட்டியிடம் பணமில்லை. நண்பர் ஹாலி கைக்காசு போட்டார்.

1727-ல் இறந்தவரை, அக்காலத்தில் மன்னர்களைப் புதைத்துவந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.